கோபுரம் பார்த்துத் திரும்புவோர்

'நான் சென்ற சுற்றுலா' என்னும் தலைப்பில் ஒரு முறையேனும் கட்டுரை எழுதாத மாணவன் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இரான். அக்கட்டுரை எவ்வாறு தொடங்கும், எவ்வாறு முடியும் என்பது எழுதுகின்ற மாணவனுக்கும் தெரியும். திருத்துகின்ற ஆசிரியருக்கும் தெரியும். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் வைகறையில் பேருந்து புறப்படும். கோலாலம்பூர் தன் வானளாவிய கட்டடங்களோடு மாணவரை வரவேற்கும். இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்குவர். பேரங்காடி ஒன்றைச் சுற்றி வருவர். உடல் களைத்தாலும் உள்ளம் களிப்புற்றது என்றும், அந்நாள் பசுமரத்தாணிபோல் நெஞ்சில் பதிந்தது என்றும் எழுதி மாணவன் முற்றுப்புள்ளி இடுவான். ஆசிரியர் சிவப்பு மையால் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சுழித்து, கீழே 'நன்று' என எழுதிக் கொடுப்பார்.

நன்று என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழும் தலைநகரில் ஒரு பகற்பொழுது முழுவதும் திரிந்த மாணவன், அந்நகரில் வாழும் ஒருவரோடேனும் பேசியதாகக் கட்டுரையில் செய்தி இல்லை. ஒருவர் வீட்டு வாயிலிலேனும் நின்றதாக இல்லை. பெர்லிசில் எழுதினாலும் ஜொகூரில் எழுதினாலும் கட்டுரை ஒன்றே. போகாமலே எழுதியிருக்கலாம், பலர் அப்படித்தான் எழுதுகின்றனர் என்பதும் ஆசிரியர் அறியாததன்று.

மாணவனைக் கடிந்து பயனில்லை. பெரியோர் காட்டிய வழியில்தான் சிறுவன் நடக்கிறான். தமிழகத்திலிருந்து வரும் எழுத்தாளரும் சொற்பொழிவாளரும் கோலாலம்பூரில் சனி ஞாயிறை எவ்வாறு கழிக்கின்றனர்? 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பத்துமலை முருகன் சிலை, இரவில் ஒரு மேடை, மேடையில் ஒரு பொன்னாடை, திங்கட்கிழமை விமானம். ஊர் திரும்பியபின் பயணக் கட்டுரை வருகிறது. 2006இல் எழுப்பப்பெற்ற முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர் என்பது அதில் தவறாமல் இருக்கும். அச்சிலைக்கு அருகில் வாழ்கின்றவர் என்ன தொழில் செய்து பிழைக்கிறார் என்பது இருக்காது. மனிதரைத் தேடி உலகைச் சுற்றிய ஏ. கே. செட்டியாரைப் பயண இலக்கியத்தின் முன்னோடி என்று மேடைதோறும் போற்றுகின்றவர்கள்தாம் இப்படி எழுதுகிறார்கள். மலேசியத் தமிழரும் இதில் இளைத்தவர் அல்லர். பினாங்கிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வார இறுதியில் தலைநகர் வரும் குடும்பம், கிள்ளானில் இருக்கும் பழைய தோட்டத்து நண்பரை 'நேரம் இருந்தால் பார்ப்போம்' என்று பட்டியலின் கடைசி வரியில் எழுதி வைக்கிறது. நேரம் இருப்பதில்லை.

அந்தக் கடைசி வரி முதல் வரியாக வேண்டும். கோபுரத்தின்மீது எவருக்கும் பகை இல்லை. அது உலகின் மிக உயர்ந்த கட்டடமாகச் சில ஆண்டுகள் நின்றது நாட்டுக்குப் பெருமையே. ஆயின் கோபுரம் யார் வந்தாலும் ஒரே முகத்தைத்தான் காட்டும். தமிழன் இந்த நிலத்தில் செய்த வேலையும் பட்ட பாடும் சுற்றுலாக் கையேட்டில் ஏறவில்லை; அவை வீடுகளில் இருக்கின்றன. நண்பரைத் தேடிச் செல்லாதவனுக்கு அவை தென்படா. இஃது உணர்ச்சிப் பேச்சன்று. கிள்ளான் தோட்டத் தொழிலாளர் 1941ஆம் ஆண்டில் எழுப்பிய ஒரு கோரிக்கை இதற்குச் சான்றாக நிற்கிறது. அதற்கு வருமுன், கிள்ளானுக்குச் செல்லும் வழியில், பிரிக்பீல்ட்சில் சிறிது நிற்க வேண்டும்.

வார இறுதிப் பயணி இறங்கும் இடம் பெரும்பாலும் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம். 2001இல் திறக்கப்பெற்ற அந்நிலையமும், அதைச் சூழ எழுந்துள்ள விடுதிகளும் அலுவலகங்களும் பழைய இரயில்வே நிலத்தின்மேல் நிற்கின்றன. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த களம் அது. தனியே வருகின்றவன் நகரும் படிக்கட்டில் ஏறி, வேறொரு இரயிலுக்கு மாறி, கோபுரத்துக்குப் போய்விடுகிறான். நிலையத்தில் காத்திருந்து அழைத்துச் செல்ல ஒரு நண்பர் இருந்தால், அதிலும் அவர் இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகவோ மகளாகவோ இருந்தால், பயணம் வேறு திசையில் திரும்பும். வாயிலைத் தாண்டிச் சிறிது தொலைவு நடப்பதற்குள் அவர் சொல்லத் தொடங்கிவிடுவார்: இந்த மதிலுக்கு அப்பால் தண்டவாளம் ஓடியது, அந்த உயர்மாடி நிற்கும் இடத்தில் இன்னார் வீடு இருந்தது, அப்பா இரவு வேலை முடிந்து இந்த வழியாகத்தான் வருவார்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே செங்கற்சூளைக் களம் என்று பொருள்படும். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் தாக்கி, மரப்பலகையாலும் அத்தாப்பாலும் ஆகியிருந்த கோலாலம்பூரை அழித்தன. இனிக் கட்டடங்கள் செங்கல்லும் ஓடும் கொண்டு எழ வேண்டும் என்று அடுத்த ஆண்டில் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். நகரை மீண்டும் எழுப்பிய செங்கல் இக்களத்தில் வெந்தது. சீனர் தலைவரான யாப் குவான் செங் இங்கே சூளை வைத்திருந்தார். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்துச் சிலாங்கூரின் முதல் இரயில் பாதை திறக்கப்பெற்றது. 1890இல் அது கிள்ளான் நகரை எட்டியது. 1901இல் திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம், அப்பாதையின் கடைக்கோடியாயிற்று. தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள் தண்டவாளத்துக்கு மண் வெட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். இவ்விரு சாராரும் ஒரே மொழி பேசியும் ஒரே பந்தியில் உட்கார நெடுங்காலம் ஆயிற்று என்பதைப் பழைய பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் மறைக்காமல் கூறுவர். எந்தக் கையேடு இதைக் கூறும்?

அரசு ஊழியருக்கும் இரயில்வே ஊழியருக்கும் என 1905இல் கட்டப்பெற்று, 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று வழங்கப்பட்ட வரிசை வீடுகள் ஒரு நூற்றாண்டுக்குமேல் இங்கே நின்றன. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இப்பகுதியை 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தனர். வளைவுகள் எழுந்தன, நீரூற்று எழுந்தது, விளக்குக் கம்பங்கள் வண்ணம் பூண்டன. 2015 நவம்பரில் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலை நரேந்திர மோடி திறந்து வைத்தார். அதே பத்தாண்டில் அந்நூறு வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. வளைவு வந்தது, வீடு போயிற்று. வளைவின்முன் நின்று படமெடுக்கும் பயணிக்குப் போனது எது என்று தெரிய வழியில்லை.

'சின்ன இந்தியா' என்னும் பெயரே இவ்விடத்துக்குப் பொருந்துமா என்று தமிழாசிரியர்கள் ஆராய்ந்து பார்க்கலாம். சூளை வைத்தவர் சீனர். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர் இலங்கைத் தமிழர். 1894இல் தொடங்கிய சங்கத்தின் வழியாகப் பௌத்த மகா விகாரையை உண்டாக்கியவர் சிங்களவர். தமிழ்க் கிறித்தவர்க்கு இங்கே ஆலயங்கள் உண்டு. மலையாளிக்கும் வங்காளிக்கும் உறவினர் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், வெண்கோல் ஊன்றி வீதியைக் கடப்போரை நாள்தோறும் காணலாம். அவர்களுள் பலர் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து தம் காலில் நிற்கின்றனர். இத்தனை பேர் சேர்ந்து உருவாக்கிய மலேசிய ஊர் ஒன்றை வேறொரு நாட்டின் சிறு பொம்மையாகப் பெயர் சூட்டுவது அவ்வூர் மக்களுக்குச் செய்யும் சிறப்பு ஆகாது. நூறாண்டுக்கு மேலாகக் குடியிருப்பவனை விருந்தாளியாக மாற்றும் பெயர் அது.

பிரிக்பீல்ட்சில் காப்பாற்றப்பட்டதும் உண்டு. 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமத்தின் வளாகத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் எழுந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். பின்னர் அது மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. எதிர்த்து நின்றவர்கள் யார்? அங்கே படித்தவர்கள், படித்தவர்களின் பிள்ளைகள், அவ்விடத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். வளைவின் முன் படமெடுத்துச் சென்றவனுக்கு அந்த ஆத்திரம் வந்திருக்காது. ஓர் இடத்தைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம், அவ்விடத்தைத் தெரிந்த ஒருவர் கூட நடந்து வந்து காட்டும்போதுதான் பிறக்கிறது.

பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் இரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயணிகளில் பெரும்பாலார் கைப்பேசியில் கண் புதைத்திருப்பர். உடன் வரும் நண்பர் சன்னலுக்கு வெளியே கைநீட்டினால்தான் ஒரு செய்தி விளங்கும்: வழியில் உள்ள நகரங்கள் அனைத்தும் தோட்டத்தின்மேல் நிற்கின்றன. பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தில் உருவாயிற்று. சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டத்தில் முளைத்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகராக்கப்பெற்ற ஷா ஆலாமுக்கும் முன்பிறவி தோட்டமே. இப்பாதையில் இல்லையாயினும் புத்ராஜெயாவையும் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டின் நிர்வாகத் தலைநகர் நிற்கும் நிலத்தில் பெராங் பெசார் முதலிய தோட்டங்களின் லயங்கள் நின்றன. அங்கிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடிகளில் ஏற்றப்பட்டு, தமக்கென ஒரு தரைவீடு வேண்டி ஆண்டுக்கணக்கில் போராடின.

தோட்டம் போனபின்பும் அதன் பெயர் ஓரிடத்தில் பிழைத்திருக்கிறது, அது தமிழ்ப்பள்ளி. சீபோர்ட், புக்கிட் ஜாலில், நோர்த் ஹம்மோக், ஹைலண்ட்ஸ், எமரல்ட் என்று வெள்ளைக்காரன் இட்ட தோட்டப் பெயர்களைப் பலகையில் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்று மாடிவீடுகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் நடுவே நிற்கின்றன. அப்பள்ளிகளின் மாணவர்களைத்தாம் பேருந்தில் ஏற்றி, இரட்டைக் கோபுரம் காட்ட அழைத்துச் செல்கிறார்கள். தம் பள்ளிப் பலகையில் உள்ள பெயர் யாருடைய தோட்டம், அது எங்கே போயிற்று என்று கேட்கத் தெரியாத பிள்ளை, கோபுரத்தின் உயரத்தை மட்டும் ஒப்பித்து என்ன பயன்?

இனிக் கிள்ளான். இந்நகருக்கு வரும் பயணி தெங்கு கிளானா சாலையில் புடவையும் பூவும் வாங்கி, வாழையிலையில் சோறு உண்டு, போதும் என்று திரும்புகிறான். அச்சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு 1941 என்றால் கிள்ளான் நினைவுக்கு வரும்? இரண்டாம் உலகப் போர் மேலை நாடுகளில் மூண்டிருந்தது. ரப்பர் விலை உயர்ந்திருந்தது. தோட்டத் தமிழனின் கூலியோ, அதே வேலை செய்யும் சீனத் தொழிலாளி பெற்றதைவிடக் குறைவாக இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவற்றை ஒருங்கிணைத்தது. அதன் தலைவர் ஆர். எச். நாதன், 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளேட்டின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். எழுத்துத் தொழிலில் இருந்த ஒருவர் தோட்டத்து வாயிலுக்குப் போனார் என்பதை எழுத்தாளர் சங்கங்களில் இருப்போர் மறவாதிருப்பது நலம்.

அத்தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை ஒவ்வொரு தமிழ் மாணவனும் படிக்க வேண்டும். சீனருக்கும் இந்தியருக்கும் சமக் கூலி வேண்டும் என்றார்கள். கொடுமை செய்யும் துரைகளையும் கிராணிகளையும் நீக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, நோய்க்குத் தக்க மருத்துவம், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் அப்பட்டியலில் உண்டு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இதை விளக்கப் பாடநூல் வேண்டியதில்லை.

அப்பட்டியலில் மற்றொரு வரியும் உண்டு: உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக உரிமை வேண்டும்.

வரலாற்றாசிரியர்கள் கூலியையும் மிதிவண்டியையும் விரித்து எழுதுவர். இந்த வரியை விரைவாகக் கடந்துவிடுவர். ஆனால் தமிழனுக்கு இந்த வரிதான் நெஞ்சைத் தைக்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். லயத்து வீடு முதலாளியின் வீடு. ஆகவே அண்ணன் தங்கையைக் காண வந்தாலும், பக்கத்துத் தோட்டத்து நண்பன் காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்க வந்தாலும், அவன் முதலாளியின் மண்ணில் அத்துமீறி நுழைந்தவன். வாயிலை மறித்துக் கேட்கவும் துரத்தவும் நிருவாகத்துக்கு அதிகாரம் இருந்தது. விருந்தோம்பலை அறம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிவந்த ஓர் இனத்தின் மக்கள், தம் வீட்டுக்கு விருந்தினர் வரலாம் என்னும் உரிமையைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நிருவாகம் எதற்கு அஞ்சியது? வந்தவன் பேசுவான்; பேசினால் அடுத்த தோட்டத்துக் கூலி என்ன, அங்கே என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். நண்பன் வருகையின் ஆற்றலைச் சுற்றுலாக் கட்டுரை எழுதும் ஆசிரியரைவிடத் துரைமார் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தனர்.

1941 மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். வேலைநிறுத்தம் அக்கம்பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவிற்று. படை வரவழைக்கப்பட்டது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஏழே மாதத்தில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. கிள்ளானின் கதை பெருங்கதைக்குள் புதைந்தது.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பயணத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். தொழிலாளர் நிலையை ஆராய்ந்துவர, பேரறிஞரும் பெருஞ்சொற்பொழிவாளருமான வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை இந்திய அரசு 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு அனுப்பியது. அவர் சில வாரங்கள் சுற்றிப் பார்த்து 1937இல் அறிக்கை அளித்தார். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதை அவர் விரும்பவில்லை. சில சீர்திருத்தங்களையும் சொன்னார். ஆயினும் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தக் காரணம் ஏதுமில்லை என்பதே அவர் முடிவு. மலாயா இந்தியர் மத்திய சங்கத்தார் கொதித்தனர். அரசும் தோட்டத்தாரும் வகுத்த வழியில் சென்றவர் அவர்கள் காட்டியதைத்தான் கண்டார் என்று குறை கூறப்பட்டது. அறிக்கை வந்து ஓராண்டு சென்றபின், 1938 ஜூனில், கூலிக் குறைப்பைக் காரணமாகக் கொண்டு இந்திய அரசே தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. சாஸ்திரியார் கெட்டவர் அல்லர். அறிவில் குறைந்தவரும் அல்லர். அத்தகையவர் கண்ணுக்கே லயத்துக்குள் கனன்ற தீ முழுதும் தெரியவில்லை என்றால், வழிகாட்டி சொல்வதைக் கேட்டு இரண்டு நாளில் 'மலேசியத் தமிழர் வாழ்வு' எழுதுகின்றவருக்கு என்ன தெரிந்துவிடும்? யார் அழைத்துச் சென்றார், யார் வீட்டில் உண்டார் என்பது பயணியின் பார்வையைப் பாதியளவு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். நண்பர் வீட்டுக்குச் செல்வது சொந்தக் காரியம், அதில் கல்வி எங்கே என்பர். நாற்பது பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஒரு வீட்டுக்குள் நுழைப்பது இயலுமா என்பர். இயலாதுதான். நாற்பது பேராகப் போக வேண்டும் என்று யார் விதித்தார்? ஐந்து ஐந்து பேராக, பள்ளியின் பழைய மாணவர் வீட்டுக்கு, ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர் வீட்டுக்கு, பால் மரம் வெட்டிய பாட்டி வீட்டுக்கு, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகலாம். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் பழைய மாணவர்க்குப் பஞ்சமா?

மற்றொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். ஏழையின் வீட்டைக் காட்சிப் பொருளாக்குவதும் சுற்றுலாதானே என்பர். உண்மை. கையில் படக்கருவியோடு லயத்துக்குள் நுழைந்து, கூரை ஓட்டையைப் படமெடுத்து, 'ஐயோ பாவம்' என்று எழுதித் திரும்புகின்றவன் கோபுரம் பார்ப்பவனைவிடக் கேடு செய்கிறான். கோபுரத்துக்கு மானம் இல்லை, மனிதருக்கு உண்டு. நண்பனாகப் போகின்றவன் பார்க்கப் போவதில்லை, பழகப் போகிறான். வெறுங்கையோடு போகமாட்டான், போட்டதை உண்பான், தன் வீட்டுக்கு அவரை அழைப்பான், அவர் வந்தால் மனம் மகிழ்வான். அழைப்பு இருவழியும் செல்லாத இடத்தில் நட்பு என்னும் பெயரே தகாது. பாட்டி சொல்லும் கதையில் கசப்பு இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் சொல்ல விரும்பாததைக் கிண்டிக் கிளறவும் கூடாது.

தமிழர் தமிழர் வீட்டுக்கே போவதால் மனம் குறுகாதா என்றும் சிலர் வினவுவர். கிள்ளான் தொழிலாளர் சீனத் தொழிலாளியைப் பகைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்த கூலியைத் தமக்கும் கேட்டனர். அவர்கள் பேரர்களின் அண்டை வீட்டில் இன்று மலாய்க்காரர் இருக்கிறார். மேல் மாடியில் சீனர் இருக்கிறார். அவர் வீட்டுக்குச் செல்பவன் அவர்களையும் சந்திப்பான். கோபுரத்துக்குச் செல்பவன்தான் எவரையும் சந்திப்பதில்லை.

இனி வாயிலைப் பற்றி ஒரு செய்தி. கிள்ளான் நண்பர் இப்போது தோட்டத்தில் இல்லை. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனபின் சுற்றுச்சுவர் எழுப்பிய வீடமைப்புப் பகுதியில் குடியேறியிருக்கலாம். அதன் முகப்பில் ஒரு காவற்சாவடி இருக்கும். நேபாளத்துக் காவலாளி தடுப்புக் கம்பத்தை இறக்கி, வந்தவர் பெயரையும் வண்டி எண்ணையும் யார் வீட்டுக்குப் போகிறார் என்பதையும் எழுதி வாங்கிய பின்னரே வழிவிடுவார். எந்த வாயிலைத் திறக்கச் சொல்லித் தாத்தா வேலையை நிறுத்தினாரோ, அத்தகைய வாயிலைப் பேரன் மாதாமாதம் காசு கொடுத்து வைத்துக்கொள்கிறான். காலத்தின் விளையாட்டு என்று சிரித்துவிடலாம். ஆனால் சிரிப்பதற்கில்லாத மற்றொரு வாயிலும் உண்டு.

கேரித் தீவு முதலிய இடங்களில் எஞ்சியிருக்கும் தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அங்கே பழக்குலை வெட்டுகின்றவர்களில் பெரும்பாலார் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் பிற நாட்டாருமே. மலேசியாவின் பெருந்தோட்ட நிறுவனங்கள் இரண்டின் செம்பனை எண்ணெயைக் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின்பேரில் 2020இல் அமெரிக்க அரசு தடுத்து நிறுத்தியது. அவற்றுள் ஒன்றின் மீதான தடை 2023இல் நீங்கியது. தமிழன் குடியிருந்த லயத்தில் இன்று குடியிருப்பவனுக்கு உறவினர் வந்து போகிறாரா? அவன் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது? 1941இன் பட்டியலைத் தம் பாட்டன் பட்டியல் என்று பெருமை பேசுகின்றவர்கள் இந்த வினாவையும் கேட்டாக வேண்டும். கிள்ளான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுள் இதைத் தாமாகவே சொல்கின்றவர்கள் உண்டு. "நாங்கள் பட்டதைத்தான் இப்போது அவன் படுகிறான்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கவேனும் மாணவனைக் கிள்ளானுக்கு அழைத்துச் செல்லலாம்.

அடுத்த விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது, ஆசிரியர் கரும்பலகையில் ஒரு தலைப்பு எழுதியே தீர வேண்டும். 'நான் சென்ற சுற்றுலா' என்பதை அழித்துவிட்டு 'நான் உணவருந்திய வீடு' என்று எழுதிப் பார்க்கட்டும். ஒற்றுப்பிழைகள் மிகுதியாக வரும். பசுமரத்தாணிக்கு வேலை இராது. அந்த வீட்டுப் பெரியவர் எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தை விட்டு வந்தார், கையில் எத்தனை வெள்ளி கொடுத்து அனுப்பினார்கள், சுவரில் மாட்டியிருந்த படத்தில் நின்ற மற்ற மூவர் யார், புறப்படும்போது பாட்டி பையில் என்ன வைத்துக் கொடுத்தார் என்றெல்லாம் நாற்பது பிள்ளைகளும் நாற்பது விதமாக எழுதிக் கொண்டுவருவர். ஆசிரியர் அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்து திருத்த வேண்டியிருக்கும்.

கோபுரத்துக்குச் செல்லும் இரயிலும் கிள்ளானுக்குச் செல்லும் இரயிலும் கோலாலம்பூர் சென்ட்ரலில் ஒரே கூரையின் கீழிருந்துதான் புறப்படுகின்றன.